பெரியம்மாவின் நாலு நிமிஷம்

"பதினாலாவது கியூ... கோ!"

மேடைப் பொறுப்பாளர் மார்லீன் ஹெட்செட்டில் இப்படிக் கட்டளை கொடுத்ததும் மேடையின் நாலு திரைகளிலும் பெரியம்மாவின் முகம் வர வேண்டும். அதைப் பார்க்கத்தான் ஆஸ்திரேலியாவின் நடுவிலிருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பாதி ஊர் அந்த மத்தியானம் அரங்கில் கூடியிருந்தது.

முகம் வரவில்லை. நாலு திரையிலும் வறண்ட ஆற்று மணல். பெரியம்மாவின் பாட்டு கேட்க வேண்டிய இடத்தில் வெறும் காற்றுச் சத்தம்.

மார்லீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஹேமிஷ்! என்னய்யா போட்டிருக்கே? பெரியம்மா எங்கே?"

ஹேமிஷ் அரங்கின் கடைசியில் சர்வர் முன்னால் உட்கார்ந்திருந்தான். நாலு திரைக்கும் அவன்தான் படம் அனுப்ப வேண்டும்.

"சாரி மார்லீன். தப்பாயிடுச்சு."

"பேக்கப்புக்கு மாத்து! சீக்கிரம்!"

"பேக்கப்லயும் இதேதான் ஓடுது."

ஒரு சர்வர் மக்கர் பண்ணினால் இன்னொன்று கைகொடுக்கும். ரெண்டும் சொல்லி வைத்தாற்போல ஒரே மணலைக் காட்டினால் அது கோளாறே இல்லை. யாரோ உட்கார்ந்து மாற்றியிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ! நேற்று நாலு திரைகளையும் விளிம்பு பிசகாமல் பொருத்தி முடித்துவிட்டு இவன்தானே வாயைத் திறந்தான்?

"ஒரு பாட்டி உட்கார்ந்து கூடை பின்றதை நாலு நிமிஷம் யார் பார்ப்பாங்க மார்லீன்? ரெண்டு நிமிஷமா வெட்டிடலாமே?"

"கை வச்சே, தொலைச்சுடுவேன். என்னைப் பெத்ததுதான் எங்கம்மா. வளர்த்தது அவங்க. ஆஸ்பத்திரிலேருந்து வர முடியாதவங்க திரையிலயாவது முழுசா வரட்டும்."

"சரி சரி, கை வைக்கல" என்று சிரித்தான், படுபாவி.

மேடையோரத்திலிருந்து மார்லீன் எட்டிப் பார்த்தாள். முன்வரிசையில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக எழுந்து, சத்தமில்லாமல் வெளியே போனார்கள். அவமானம் தாங்கவில்லை போலும். விருந்தினராக வந்திருந்த அமைச்சர் மட்டும் மணலைப் பார்த்துக் கைதட்டினார்.

மிச்சம் இருந்த கியூக்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லி முடித்தாள். ஹேமிஷ் ஒன்றுகூடப் பிசகாமல் ஓட்டினான். அது அவள் ஆத்திரத்தை இன்னும் கிளறியது.

நிகழ்ச்சி முடிந்ததும் ஹெட்செட்டைக் கழற்றி வீசிவிட்டு நேராகப் போய் அவன் முன்னால் நின்றாள்.

"வேணும்னேதானே பண்ணினே?"

"ஆமா."

கொஞ்சமாவது மழுப்புவான் என்று நினைத்திருந்தாள்.

"ஆமாவா? ஏன்?"

"என்னால சொல்ல முடியாது மார்லீன்."

"ஏன் சொல்ல முடியாது? மெல்போர்ன்லேருந்து வந்தவனுக்கு எங்க ஜனங்க முகத்தை நாலு நிமிஷம் பார்த்தா கண்ணு அவிஞ்சுடுமா?"

வெளியேறிக்கொண்டிருந்த கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது. ஹேமிஷின் காது சிவந்தது. குனிந்து கேபிளைச் சுருட்டினான்.

"உன்னைத்தான் கேக்கறேன்! உன் வீட்டுப் பெரியவங்களா இருந்தா இப்படித் துடைச்சுப் போடுவியா?"

ஹேமிஷ் சுருட்டிய கேபிளைப் பெட்டிக்குள் வைத்தான்.

"கிளம்பு. இந்த வாசப்படியை இனிமே மிதிக்காதே. டார்வின்லேருந்து பெர்த் வரைக்கும் ஒருத்தன் உன்னை வேலைக்குக் கூப்பிடாம பண்றேனா இல்லையா பாரு!"

"பண்ணுங்க" என்றான் மெதுவாக. "அதுக்கு முன்னாடி பின்வாசலுக்குப் போங்க. உங்க அண்ணன் நிக்கிறார்."

'அண்ணனும் இந்தக் கூத்தைப் பார்த்துட்டானா!' என்று பொருமிக்கொண்டே போனாள்.

பின்வாசலில் டெஸ்மண்ட் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவளைக் கண்டதும் ரெண்டு கையாலும் இழுத்து அணைத்துக்கொண்டான்.

"போயிட்டாங்கடி. மத்தியானம் ஆஸ்பத்திரியில. மூச்சு விடற மாதிரிதான் இருந்துச்சு, அப்படியே..."

யார் என்று அவன் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. போனவர் பெயரை வாயில் எடுப்பதோ, முகத்தைக் காட்டுவதோ, குரலைக் கேட்பதோ, குடும்பம் சரி என்கிறவரை கிடையாது. மார்லீன் பிறந்ததிலிருந்து அறிந்த, அவர்கள் பழங்குடியின் வழக்கம்.

மார்லீன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ஓடி வர்றேன், இங்க கியூ வர்றதுக்குப் பத்து நிமிஷம்தான் இருக்கு" என்றான் டெஸ்மண்ட், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "உன்கிட்ட வரணும்னா மேடையைத் தாண்டணும். அந்தத் தம்பியைத்தான் போய்ப் பிடிச்சேன். நாலு திரையிலயும் முகம் தெரியக் கூடாது, பாட்டு கேக்கக் கூடாதுன்னேன். ஏன் எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கல. வேர்த்து விறுவிறுத்து ரெண்டு சர்வர்லயும் மாத்தினான். முகத்தைக் காணோம்னதுமே முன்வரிசையில நம்ம ஜனங்களுக்குப் புரிஞ்சுடுச்சு, எழுந்து வந்துட்டாங்க."

மார்லீன் நிமிர்ந்து பார்த்தாள்.

"உன்கிட்ட இதைச் சொல்ல வேண்டியவன் நான்தானே. வேற யார் சொன்னாலும் முறையில்லையே. அதனால, 'என் தங்கச்சி என்ன கேட்டாலும் நீ வாயைத் திறக்கக் கூடாது'ன்னு அவன் கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டேன்."

டெஸ்மண்ட் அரங்குப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"நல்ல பையன். அவனை நீ ஒண்ணும் சொல்லிடலையே?"