இரண்டாவது பிஸ்கட்

"மணல்தான் போடுவோம். சிவப்பு மணல். பாலைவனத்துப் பிராணிதானே, பார்க்கவும் ஜோரா இருக்கும்" என்றான் வந்திருந்த இளைஞன்.

ஹார்மன் வெசலிங்க் பிஸ்கட் டப்பாவை மூடினார். காபிக்கு ஒரு பிஸ்கட், அத்தோடு டப்பா மூடிவிடும்; அதுதான் டெவென்டர் ஊர் வழக்கம். ஆனால் இவ்வளவு ஓசையோடு மூடினால் பேச்சே முடிந்தது என்று பொருள். இளைஞன் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

"மணல் போடறானாம் மணல். இரையோட சேர்த்து விழுங்கிக் குடல் அடைச்சுச் சாகறதுக்கா உன்னைப் பதினாலு வருஷம் வளர்த்தேன்?" என்று கண்ணாடித் தொட்டியைப் பார்த்துச் சொன்னார்.

தொட்டிக்குள் மோஸ்டர்ட் கண்ணைப் பாதி திறந்து மூடிக்கொண்டது. அரைத்த கடுகின் மஞ்சளில் கறுப்புப் புள்ளிகள் தெளித்த சிறுத்தைப் பல்லி அது. மனைவி போன பிறகு அந்த வீட்டில் அவர் பேசுவதைக் கேட்க இருந்த ஒரே ஜீவன்.

மாடிப்படியில் இரண்டு முறை விழுந்தாயிற்று. அக்கா மகள் முதியோர் இல்லத்தில் இடம் பிடித்துவிட்டாள். வருகிற திங்கட்கிழமை அங்கே போயாக வேண்டும். அங்கே பிராணி வளர்க்க அனுமதி இல்லை. இல்லத்துக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தும் பார்த்தார், நடக்கவில்லை. அதற்குள் மோஸ்டர்டுக்கு நல்ல இடம் பார்த்தாக வேண்டும் என்று கடைவீதியில் அட்டை எழுதி ஒட்டியிருந்தார். வந்தவர்கள் எல்லாரும் தொட்டிக்குத் தரையாக எதைப் போடுவது என்ற கேள்வியில்தான் தோற்றார்கள்.

மறுபடி மணி அடித்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றாள்.

"ஃபென்னா. பல்லி விஷயமா வந்திருக்கேன்."

காபி வந்தது, ஒரு பிஸ்கட் வந்தது. ஹார்மன் சுற்றி வளைக்கவில்லை.

"தரைக்கு என்னம்மா போடுவீங்க?"

"தரை ஓடுதான். சொரசொரப்பா இருக்கணும். பளபளன்னு இருந்தா கால் வழுக்கும்."

ஹார்மன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இருந்தாலும் விடவில்லை.

"செயற்கைப் புல் கம்பளம்? கடையில அதைத்தான் தலையில கட்டறான்."

"நூல்ல நகம் மாட்டிக்கும். அவசரத்துக்குச் சமையலறைக் காகிதம் விரிக்கலாம், அழுக்கானா உடனே தெரியும். ஆனா ஓடு மாதிரி சூட்டைப் பிடிச்சு வெச்சுக்காது. பல்லிக்கு அடிவயித்துல சூடு வேணுமே, இல்லேன்னா தின்னது செரிக்காது."

"தோல் உரிக்கிறப்ப?"

"ஈரப் பாசி போட்டு ஒரு சின்ன டப்பா. அதுக்குள்ள மட்டும் ஈரம்."

பொய் சொல்வானேன், ஹார்மனுக்குப் புல்லரித்தது. இத்தனை பேரில் ஒருத்தி தரையைத் தரையாகப் பேசுகிறாள்.

அவள் எழுந்து தொட்டியருகே போனாள். சட்டென்று கையை உள்ளே விடவில்லை. காபிக் கோப்பையைச் சுற்றி உள்ளங்கையைச் சூடாக்கிக்கொண்ட பிறகுதான் நீட்டினாள். மோஸ்டர்ட் நாக்கால் ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, தயங்காமல் ஏறிக்கொண்டது. அக்கா மகளிடம்கூட அது இப்படிப் போனதில்லை.

"இந்த மூலையில ஓடு கொஞ்சம் விலகியிருக்கு ஐயா. இரைக்குப் போடற புழு உள்ள போய் ஒளிஞ்சுக்கும்."

ஹார்மன் குனிந்து பார்த்தார். உண்மைதான். அவர் கண்ணுக்கே தப்பியிருந்தது. கோபம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. தனக்குப் பிறகும் மோஸ்டர்டைப் பார்க்க ஒரு ஜோடிக் கண் இருக்கிறது.

திரும்பி வந்து டப்பாவைத் திறந்து நீட்டினார். அந்த வீட்டில் இரண்டாவது பிஸ்கட் கண்டவர்கள் அபூர்வம். ஃபென்னாவுக்கும் அது தெரிந்திருந்தது, மரியாதையாக எடுத்துக்கொண்டாள்.

"வீட்டுல சின்னப் பசங்க இருக்காங்களா?"

"இல்லை. சத்தம் போடறவங்க ஒண்ணு ரெண்டு பேர் உண்டு."

"அது பழகிடும், என் சத்தத்தைக் கேட்டு வளர்ந்ததுதானே. தினமும் நீங்கதானே பார்த்துப்பீங்க?"

"நான் இல்லை ஐயா. எனக்கு வேலை கழுத்து வரைக்கும் இருக்கு."

ஹார்மனின் கை டப்பா மூடியைத் தேடிப் போனது.

"அப்ப யாரு?"

"ஒருத்தர் இருக்கார். தரை விஷயம் எல்லாம் அவர் சொல்லிக் கேட்டதுதான். எதிராளியை வாய் திறக்க விடமாட்டார், முன்கோபி. ஆனா பல்லின்னா உசிரு. அவர் பேச்சைக் கேட்டுட்டு, வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன்."

"விவரமான மனுஷன்" என்றார் ஹார்மன், மனதாரவே. "கோபம் கிடக்குது, விஷயம் தெரிஞ்சவனுக்குத்தான் கோபம் வரும். ஆனா அந்த ஆளை நேர்ல பார்க்காம மோஸ்டர்டைக் கொடுக்க மாட்டேன். எங்க இருக்கார்?"

ஃபென்னா பல்லியைப் பதமாகத் தொட்டிக்குள் இறக்கிவிட்டாள்.

"போன மாசம் போன்ல அவர்கிட்ட, 'எங்க இல்லத்துல தங்கறவங்க பிராணி வளர்க்கக் கூடாது'ன்னு ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன், ஒரு மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தார். அப்புறம் விதியை எடுத்துப் படிச்சுப் பார்த்தேன். தங்கறவங்கதான் வளர்க்கக் கூடாது, நிர்வாகி நான் வளர்க்கலாம். பல்லி என் பேர்ல இல்லத்துக் கூடத்துல இருக்கும், ஆனா தரையைப் பார்த்துக்க ஆள் வேணும். திங்கட்கிழமையிலேர்ந்து உங்களுக்கு நேரம் இருக்குமா ஐயா?"

ஹார்மன் பிஸ்கட் டப்பாவை அப்படியே அவள் பக்கம் தள்ளிவிட்டார்.