பிழைத்த பெண்

போதகர் ஞானசிகாமணி எழுதிய நாவலைத் தங்கதுரை வாத்தியார் ஒரே மூச்சில் வாசித்து முடித்தார். அதில், கடவுள் இல்லை என்று வாதாடும் ஒரு வாத்தியாரின் மகள் மூளைக்காய்ச்சலில் கிடக்கிறாள். ஒரு போதகர் ஏழு நாள் ஜெபிக்கிறார். மகள் கண் விழிக்கிறாள். வாத்தியார் முழங்காலில் விழுந்து விசுவாசியாகிறார். நிஜத்திலும் ஞானசிகாமணி ஏழு நாள் ஜெபித்தார். ஏழாம் நாள் மதியம் தங்கதுரையின் மகள் பியூலா செத்துப்போனாள்.

புத்தகத்தோடு நேரே போதகர் வீட்டுக்குப் போனார்.

"எம் பிள்ளையப் பிழைக்க வச்சிட்டீங்களே, பாஸ்டர்."

போதகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "செத்துட்டாள்னு எழுதுனா வாசிக்கிறவன் எப்படி சார் நம்புவான்?"

"நானும் வாசிச்சேன். நம்பல."

சண்டை போடத்தான் வந்திருந்தார். ஆனால் கடைசி அத்தியாயத்தை விரித்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது.

"கண்ணு முழிச்சதும் தண்ணி கேக்கா. உடனே அவள விட்டுட்டு, நான் முழங்கால்ல நிக்கதையே மூணு பக்கம் எழுதிருக்கீங்க."

"மன்னிச்சிருங்க சார். என்ன செய்யணும், சொல்லுங்க."

வாத்தியார் அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

"எம் பிள்ளைக்கு யாராவது தண்ணி குடுத்தாங்களா, பாஸ்டர்?"