பிணம் சிரிக்கும் காட்சி

கிட்ட வந்து இருங்க மக்கா. உரக்கச் சொன்னா ஈசாக்குக்குக் கேட்டுரும்.

நம்ம காரோடு ஊர்ப் பக்கம் ஒரு பேய்ப்படம் எடுக்க வந்தார்கள். பயந்துகொண்டே சிரிக்கிற படமாம். சபைக் கல்லறைத் தோட்டத்தை ஒரு நாளைக்கு அவர்களுக்கு விட்டுக்கொடுத்தது கமிட்டித் தலைவர் ஈசாக்கு. அழுகிற கூட்டமாக நடிக்க ஊரே போயிற்று.

பெட்டிக்குள் பிணமாகக் கிடந்தது வேதமாணிக்கம்; ஆட்கள் வருமுன்னே மகள் ரெஜிலா படுக்கவைத்திருந்தாள். மெலிந்த உடம்பு, மேக்கப்பே வேண்டாமென்று டைரக்டர் போன வாரமே பேசி வைத்த ஆள். பார்த்ததும் ஈசாக்குக்கு ரத்தம் கொதித்தது.

சபை கட்டின மதில் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாவின் வழியை அடைத்தபோது, சபைக்கு எதிராகக் கோர்ட்டில் சாட்சி சொன்னவராக்கும் வேதமாணிக்கம். அன்றைக்கே கமிட்டி முடிவு செய்தது. அவர் செத்தால் யாரும் தூக்கக் கூடாது. பெண்டாட்டி சுகிர்தபாய் கல்லறைப் பக்கத்தில் இடமும் கிடையாது.

"எட்டி ரெஜிலா, பெத்த அப்பனைக் கோமாளியாக்கிட்டியே. வெக்கம் இல்லியா?" என்றார் ஈசாக்கு.

"அப்பனுக்கு ஆசை மாமா," என்றாள் மகள். "அம்மை பக்கத்துல ஒரு தடவையாவது படுக்கணும்னு."

குழியும் அங்கேதான் வெட்டியிருந்தது. டைரக்டருக்கு இடம் காட்டினது அவள்தான்.

"கிழவன் கொள்ளாம், கெட்டிக்காரன். மூச்சு விடாம நடிக்கான்," என்றான் கூட்டத்தில் ஒருத்தன்.

"அந்த வாய் மூடிப் பாத்தது இன்னைக்குத்தான்," என்றார் ஈசாக்கு.

கேமரா ஓடியது. தலைமாட்டை ஈசாக்கே பிடித்தார், முகம் படத்தில் விழவேண்டுமே. சபை உபதேசியார் அடக்க ஜெபத்தை முழுசாகச் சொன்னார். ஆட்கள் கேட்டதுக்கு மேலேயே அழுதார்கள். மூடியிட்ட பெட்டி குழிக்குள் இறங்கியது. முதல் பிடி மண் விழுந்ததும் பிணம் மூடியைத் தள்ளி எழும்பிச் சிரிக்கணும். அதுதான் காட்சி.

ஈசாக்கு மண் போட்டார்.

மூடி அசையவில்லை.

"அப்பச்சா, எழும்பிச் சிரிங்க," என்றார் டைரக்டர்.

ரெஜிலா குழிக்கரைக்கு வந்தாள். "அப்பனுக்கு விடியக்காலமே உயிர் போயாச்சு சார்."

அதுவரை அழுத கூட்டம் சட்டென்று அழுகையை நிறுத்தியது.

"வெளிய எடுங்கலே," என்றார் ஈசாக்கு.

"எடுக்கட்டும் மாமா. சார், கேமராவை நிறுத்தாதீங்க. அடக்கின சவத்தை யாரு தோண்டி வெளிய போடுகாங்கன்னு நாடு பாக்கட்டும்."

ஒருத்தரும் அசையவில்லை. ஈசாக்கு கேமராவைப் பார்த்தார்.

குழிக்கரையில் குவிந்துகிடந்த மண்ணைக் காட்டி, ரெஜிலா மண்வெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.