இருபத்தாறாவது ஆள்

சுவிட்சர்லாந்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கீழே, போர் வந்தால் பதுங்க ஒரு பங்கர் இருக்கிறது. இத்தனை வருடமும் அதில் பனிச்சறுக்குக் கட்டைகளும் வைன் போத்தல்களும்தான் பாதுகாப்பாக இருந்தன. ஐரோப்பாவில் மறுபடி போர் என்றதும் நகரசபை ஓர் அதிகாரியை அனுப்பியது. சாமான்களை வெளியே போட்டுவிட்டு, ஒத்திகைக்காக எல்லோரும் உள்ளே தரையில் கால்நீட்டி உட்கார்ந்தோம். அதிகாரி எண்ணினார். இருபத்தைந்து பேரோடு இடம் முடிந்துவிட்டது. மூன்றாம் மாடிக்குப் புதிதாக வந்த உக்ரைன்காரி ஹலினா மட்டும் கதவடியில் நின்றாள்.

"ஒரு ஆள் கூடிப்போச்சாம், அம்மா," என்றேன்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆர் சொன்னது? வன்னியில ஆறு பேரின்ர பங்கருக்குள்ள பதினொரு பேர் இருந்தனாங்கள். காலை மடக்கச் சொல்லு!"

நான் மொழிபெயர்க்குமுன்பே அம்மா முழங்கால்களை நெஞ்சோடு கட்டிக்கொண்டார். எங்கள் தாளிப்பு மணத்துக்கு மூன்று முறை புகார் எழுதிய எதிர்வீட்டு ஸ்டெய்னர் அவரைப் பார்த்தார். பிறகு முனகிக்கொண்டே தன் நெடிய கால்களை மடக்கினார். அறை நெடுக முழங்கால்கள் மடங்கின. ஹலினா வந்து உட்கார்ந்தாள்.

அதிகாரி பேனாவும் கையுமாக நடுத்தரையைப் பார்த்தார். இன்னும் நான்கு பேருக்கு இடம் கிடந்தது.