பிரேக் பிடிக்காத இரண்டு கார்கள்

மாஸ்டர் வலது காலை ஓங்கி ஊன்றினார். புத்தம் புதிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அதைச் சட்டை செய்யாமல் போய், சிக்னல் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

"பார்த்தியா? மிதிச்ச உடனே நிக்க வேணாமா?" என்றார். நெற்றியெல்லாம் வியர்வை.

"நல்லாத்தானே நின்னுது" என்றாள் மனைவி.

"எங்க நல்லா நின்னுது? நான் மிதிச்சது அந்த மரத்துக்கிட்ட. வண்டி நின்னது இங்க. பெடல் கல்லு மாதிரி இருக்கு, இறங்கவே மாட்டேங்குது."

பிரேக்கைப் பற்றி மாஸ்டர் பேசினால் எதிர்த்துப் பேச ஊரில் ஆள் கிடையாது. இருபத்தாறு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். கிளட்ச் எது, ஆக்ஸிலரேட்டர் எது என்று தெரியாமல் வந்தவர்களை எல்லாம் ஓட்டுநர்களாக்கி அனுப்பியவர். அவருடைய வலது கால் மட்டும் சமயத்துக்கு வேலை செய்யாமல் இருந்திருந்தால், அந்த வட்டாரத்தில் பாதி காம்பவுண்ட் சுவர்கள் இன்றைக்கு இருந்திருக்காது.

மகன் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு வீட்டில் இரண்டே பேர். வாரத்தில் ஐந்து நாள் கற்றுக்குட்டிகளோடு இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தது போதாதென்று, சனி ஞாயிறும் மாஸ்டர் ஸ்கூலுக்கே ஓடினார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனைவி ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் வெடித்துவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் உங்ககிட்ட நேரம் இருக்கு, எனக்கு மட்டும் இல்ல. சனி ஞாயிறு நாம ரெண்டு பேர் மட்டும் போற மாதிரி ஒரு வண்டி வாங்கலாம். அதுல பின் சீட்டே இருக்கக் கூடாது."

நியாயம்தான் என்று மாஸ்டரும் தலையாட்டினார். ஆனால் புதுசா, பழசா என்பதில் மூன்று மாதம் இழுபறி. "பழசு வேணாம். எவன் கையில மாட்டி என்ன பாடு பட்டுச்சோ" என்பது அவர் கட்சி. "புதுசுல ஒரு கீறல் விழுந்தா நீங்க ஒரு வாரம் தூங்க மாட்டீங்க. பழசுல கீறல் ஏற்கெனவே இருக்கும், நிம்மதி" என்பது அவள் கட்சி.

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. இரண்டையும் ஓட்டிப் பார்ப்பது, எதன் பிரேக் மாஸ்டருக்குப் பிடிக்கிறதோ அதை வாங்குவது. டிரைவிங் ஸ்கூல்காரர் என்றதும் ஷோரூம்காரர் மறுபேச்சில்லாமல் சாவிகளைக் கொடுத்துவிட்டார்.

அடுத்த ரவுண்டு நான்கு வருடம் ஓடிய நீலக் காரில். அது இன்னும் மோசம். வேகத்தடை வரும்போது மாஸ்டர் ஒரு தரம் மிதித்தார், இரண்டு தரம் மிதித்தார், பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் தரமும் மிதித்தார். கார் தனக்குத் தோன்றிய இடத்தில்தான் வேகம் குறைந்தது.

ஷோரூமுக்குத் திரும்பியதும் தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "ரெண்டும் வேணாம். பிரேக் சரியில்லாத வண்டியில பொண்டாட்டியை வச்சுக்கிட்டு என்னால ரிஸ்க் எடுக்க முடியாது."

ஷோரூம்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தானே இரண்டு காரையும் ஒவ்வொரு ரவுண்டு எடுத்துப் போய்விட்டு வந்தார். "சார், தொட்டாலே நிக்குது சார்."

"உங்க கால் வேற, என் கால் வேற" என்றார் மாஸ்டர்.

மனைவிக்கு முகம் வாடிவிட்டது. இன்றைக்கு விட்டால் அடுத்த சனிக்கிழமையும் தன் கால் ஸ்கூல் பக்கம்தான் போகும் என்பது மாஸ்டருக்கே தெரியும், அவளுக்குத் தெரியாதா? அவருக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் இருபத்தாறு வருடத்தில் எந்தக் கற்றுக்குட்டியோடு போனபோதும் அவர் இப்படிப் பயந்ததில்லை. அதை வெளியே சொன்னால் மானம் போய்விடும்.

"இன்னும் ஒரே ஒரு ரவுண்டு, நீலக் கார்ல" என்றாள் மனைவி. "அதுலயும் நிக்கலைன்னா நானே வேணாம்னு சொல்லிடறேன். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

கிளம்பினார்கள். இரண்டாவது திருப்பத்தில், முன்னால் போன குப்பை லாரி திடீரென்று நின்றது.

மாஸ்டர் இரண்டு காலையும் சேர்த்து மிதித்தார். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. கார் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் வேகம் குறைந்து, லாரிக்குப் பின்னால் தாராளமாக இடம் விட்டு நின்றது.

மாஸ்டர் பெருமூச்சு விட்டார். "இப்பவும் அதே கதைதான். நான் மிதிக்கும்போது நிக்கல. அப்புறம் தன்னால நிக்குது. இதுக்கு என்ன சொல்ற?"

மனைவி அவர் பக்கம் திரும்பினாள். கீழே ஊன்றியிருந்த அவருடைய கால்களை அப்போதுதான் பார்த்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏங்க, இது ஸ்கூல் வண்டி இல்ல. பிரேக் என் காலுக்குக் கீழ மட்டும்தான் இருக்கு."