பால் விடாத சொதி

"சட்டிக்குள்ளை என்ன வெள்ளையாத் தெரியுது? தேங்காய்ப்பாலோ?"

குசினி வாசலில் நின்று கேட்டார் ஐசாக் மாஸ்ரர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தபோது பிரம்பை மட்டும் நாக்கில் கொண்டுவந்துவிட்டார்.

"ஓம். மகளுக்கு." மனைவி பியாட்றிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. "சீலா பெத்து இண்டைக்குப் பன்ரண்டு நாள். உங்கடை பச்சைத்தண்ணிச் சொதியைக் குடிச்சால் அவளுக்கு எங்காலை பால் சுரக்கும்? குழந்தை கத்திக் கத்தித் தொண்டை அடைச்சுப்போச்சு."

"இஞ்சரும், அடைக்கலநாதன் டொக்டர் எனக்குச் சொன்னதை மறந்திட்டீரோ? நெஞ்சிலை குழாய் வைக்கேல்லை, கை பிடிச்சுப் பாக்கேல்லை. என்னை ஏற இறங்க ஒருக்காப் பாத்திட்டு கொலஸ்ரரோல் கூடிப்போச்செண்டு உடனை சொன்ன மனிசன்! அது பரம்பரையா வாறது. என்ரை பிள்ளைக்கும் வரும்."

சொல்லிவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் கவிழ்த்தார்.

பியாட்றிஸ் வாழைமரத்தடிக்கு ஓடும் பாலைப் பார்த்தபடி நின்றாள்.

மூன்று வருடம். மாஸ்ரர் டொக்டரிடம் போய்வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் சொதிக்குப் பாலில்லை, மீனுக்குப் பொரியலில்லை, முட்டைக்கு மஞ்சள் கருவில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் ஊரே எண்ணெயைக் கண்ணால் காணாமல் தவித்தபோது, அதையும் தன் கட்டுப்பாட்டின் வெற்றியாக எடுத்துக்கொண்டவர் அவர். தேவாலய மண்டபத்தில் 'கொலஸ்ரரோலை வெல்வது எப்படி' என்று ஒன்றரை மணிநேரம் பேசினார். கேட்டிருந்தவர்களில் பாதிப்பேர் பட்டினி.

முதல் ஆறு மாதத்தில் அவருக்குப் பதினாலு இறாத்தல் எடை குறைந்தது உண்மைதான். பிறகு, ருசியில்லாத கறியை விழுங்குவதற்காகச் சோற்றை மலையாகக் குவித்து, பதினைந்து இறாத்தலைத் திருப்பி எடுத்தார். மெலிந்து போனது பியாட்றிஸ். நோய், வருத்தம் ஒன்றும் இல்லாத அவளுக்குத்தான் சட்டை தோளில் நிற்கவில்லை.

தான் காய்ந்ததை அவள் பொறுத்துக்கொண்டாள். குழந்தை காய்வதைப் பொறுக்க முடியவில்லை.

"வெளிக்கிடுங்கோ," என்றாள்.

"எங்கை?"

"டொக்டரிட்டை. மருதனார்மடத்திலை இப்ப இரத்தம் சோதிக்கினமாம். குடுத்துப் பாப்பம். மகளுக்குத் தேங்காய்ப்பால் குடுக்கலாமோ, கூடாதோ எண்டு அவர் தன்ரை வாயாலை சொல்லட்டும். வரமாட்டன் எண்டால், நான் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சண்டிலிப்பாய்க்கு அண்ணை வீட்டை போறன். நீங்கள் தனிய இருந்து கொலஸ்ரரோலை வெல்லுங்கோ!"

முப்பது வருடத்தில் அவள் இப்படிக் கத்தியதில்லை. மாஸ்ரர் சைக்கிளை எடுத்தார்.

மறுநாள் டொக்டர் இரத்தப் பரிசோதனைக் கடதாசியைப் பார்த்தார்.

"நல்லாயிருக்கு, சேர். ஒரு பிழையுமில்லை. மகளுக்குத் தேங்காய்ப்பாலைத் தாராளமாக் குடுங்கோ. அவளுக்கு ஏன் பத்தியம்?"

பின்பாதி மாஸ்ரரின் காதில் விழவேயில்லை. நெஞ்சு இரண்டு அங்குலம் உயர்ந்தது.

"கேட்டீரோ பியாட்றிஸ்? மூண்டு வருசத் தவம்! டொக்டர், நீங்கள் சொன்ன ஒரு சொல்லாலைதான் நான் இண்டைக்கு உயிரோடை இருக்கிறன்."

"முந்தி எவ்வளவு இருந்தது, சேர்?"

"அது உங்களுக்கெல்லோ தெரியும்? நீங்கள்தானே கூடிப்போச்செண்டு சொன்னனீங்கள்."

"நானோ? உங்கடை இரத்தத்தை இண்டைக்குத்தானே முதன்முதல் பாக்கிறன்!"

டொக்டர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். பிறகு மெல்லக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐயோ சேர்... அண்டைக்குக் காய்ச்சல்காறர் அம்பது பேர் வரிசையிலை நிக்க, ஒரு பிள்ளைத்தாச்சியையும் இடிச்சு விலத்திக்கொண்டு, 'நான் ஆரெண்டு தெரியுமோ?' எண்டு உள்ளுக்கு வந்தியள். எனக்குக் கோவம் வந்திட்டுது. 'உங்களுக்குக் கொழுப்புக் கூடிப்போச்சு' எண்டு சொல்லிப்போட்டன். அது வருத்தமில்லை, சேர். ஏச்சு!"

"அந்தக் கொழுப்பு இன்னும் இறங்கேல்லை, டொக்டர்," என்றபடி தேங்காய் வாங்க எழும்பினாள் பியாட்றிஸ்.