கொஞ்சம் பொறுங்க, அப்டேட்

"போச்சு!" என்றாள் மர்ளியா.

"என்ன போச்சு?" நிக்கொலஸ் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

கடிதம் அடித்துக் கொடுக்கிற அவளது கடையில் இருந்த ஒரே கம்ப்யூட்டரின் திரை நீலமாகி நின்றது. அப்டேட் நடக்கிறதாம், யாரும் அணைக்கக் கூடாதாம். கேட்காமல் கொள்ளாமல் தானாக நிற்கும், தானாகத் தொடங்கும். காசு கொடுத்து வாங்கினவளுக்கு அதில் ஒரு அதிகாரமும் இல்லை.

"அப்ப அடிச்சதெல்லாம்?"

"சேவ் பண்ணல்ல அண்ணன். என்ட பிழைதான். திருப்பி அடிச்சுத் தாரன்."

"மாதாவே!" என்று நிக்கொலஸ் தலையில் கை வைத்தார்.

மனுசன் விடியக் கடலால் வந்து, ஒரு கண் நித்திரைகூடக் கொள்ளாமல் பஸ் ஏறி வந்தவர். ஊர்க் கிணறு உப்பாகிப் போனது. பக்கத்தில் இறால் பண்ணை வைத்திருக்கிற மீராசாஹிப் முதலாளி உப்புத் தண்ணியை வாய்க்காலில் விடுவதுதான் காரணம். இப்போது ஊரே குடிதண்ணியை விலைக்கு வாங்குகிறது. இந்த அழகில், பண்ணையை இன்னும் பெரிசாக்க அனுமதி கேட்டிருக்கிறார் முதலாளி. ஆட்சேபணை எழுதிக் கொடுக்க இன்றைக்குத்தான் கடைசி நாள். பின்னேரம் அரசாங்கக் கந்தோர் பூட்டினால் கதை முடிந்தது.

வந்த நாளும் நல்ல நாள், வெள்ளிக்கிழமை! ஆம்பிளைகள் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டதில் சந்தியில் கடையெல்லாம் பூட்டு. பொம்பிளை நடத்துகிற கடை என்றபடியால் இது ஒன்றுதான் திறந்திருந்தது.

துணைக்கு வந்தவன் மச்சான் றொபி. அவன் அதே பண்ணையில் கூலி வேலைக்குப் போகிறவன். வீட்டில் குடிக்கத் தண்ணி இல்லையென்று மனுசி கொடுத்த கரைச்சலில்தான் கூட வந்தான். ரோட்டால் போகிறவர்கள் கண்டுவிடுவார்களோ என்று கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தான்.

அப்டேட் முப்பது வீதத்தில் படுத்துவிட்டது. றொபி நிக்கொலஸின் கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாக இழுத்தான்.

"மச்சான், இவள் ஆரெண்டு தெரியுமா? முதலாளிட மகள்."

"மெய்யாவா?"

"பண்ணையில எத்தனை தரம் கண்டிருக்கிறன். அப்டேட்டாம் அப்டேட்! வாப்பாக்கு எதிரா எழுதினா, வராத அப்டேட் எல்லாம் வரும்தானே."

நிக்கொலஸ் திரும்பி வந்து உட்கார்ந்தபோது முகம் கறுத்திருந்தது.

ஒருபடியாகக் கம்ப்யூட்டர் எழும்பியது.

"சொல்லுங்க அண்ணன்" என்றாள் மர்ளியா.

அவர் சொன்னார். முதல் தரம் கோபத்தோடு சொன்னதை இந்தத் தரம் களைப்போடு சொன்னார். அவள் வரிக்கு வரி சேவ் பண்ணிக்கொண்டே அடித்தாள். பிறின்ட் எடுக்கப் போகிற நேரம் பார்த்து, மறுபடியும் நீலம்.

"யா அல்லாஹ்! இன்னொருக்கா ரீஸ்டார்ட் ஆகுது. கொஞ்சம் பொறுங்க."

"இவ்வளவு நேரமும் என்ன செய்தம்? பொறுத்தம்தானே?" என்றான் றொபி கதவடியிலிருந்து.

இந்த முறை கடிதம் அப்படியே இருந்தது. எழுத்துதான் இல்லை. தமிழெல்லாம் பெட்டி பெட்டியாக மாறிக் கிடந்தது.

"பழைய எழுத்தை இந்தப் புது அப்டேட் எடுக்குதில்ல போல" என்றாள்.

"ஆகா! சேவ் பண்ணினாலும் போகும், பண்ணாட்டியும் போகும். நல்ல கெட்டித்தனம்!" றொபி சிரித்தான்.

நிக்கொலஸுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"தங்கச்சி, நீ முதலாளிட மகளாமே. விருப்பமில்லாட்டி முதலே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். அடுத்த டவுன் மதுரங்குளிக்குப் போயாவது அடிச்சிருப்பன். எங்கட பிள்ளைகள் உப்புத் தண்ணியில வாய் கொப்பளிக்குதுகள். உனக்கெங்க அது விளங்கும்?"

மர்ளியா எழும்பிப் போய்ச் சுவரிலிருந்த சுவிட்சை அடித்து அணைத்தாள். அலுமாரியைத் திறந்து நீளக் கடதாசி ஒன்றும் பேனையும் எடுத்து வந்தாள்.

"கையால எழுதினாலும் எடுப்பாங்க. இரிங்க."

"நான் திரும்பச் சொல்லவா?"

"தேவையில்ல. ரெண்டு தரம் கேட்டாச்சே."

குனிந்த தலை நிமிராமல் எழுதினாள். பாதியில் ஒருக்கா நிறுத்தினாள்.

"மழை பெய்யிற நாள் பாத்துத்தான் பண்ணை மதகைத் திறந்து விடுறாங்க. மழைத் தண்ணியோட போனா ஆருக்கும் தெரியாதெண்டு. நீங்க அதைச் சொல்லல்ல. அதையும் எழுதுறன்."

நிக்கொலஸ் வாயைத் திறந்தபடி இருந்தார். றொபியின் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

"இப்ப சாட்சி ஒண்டு வேணும். மதகு திறக்கிறதைக் கண்ணால கண்ட ஆள். இல்லாட்டி இந்தக் கடதாசியைத் தூக்கி ஒரு பக்கத்தில வச்சிருவாங்க."

நிக்கொலஸ் மச்சானைத் திரும்பிப் பார்த்தார். அந்த மதகைத் திறக்கிற கைகளில் றொபியின் கையும் ஒன்று. அது அவருக்கும் தெரியும்.

"என்னைப் பாக்காத மச்சான்" என்றான் றொபி. "நான் பிள்ளைகுட்டிக்காரன். நாளைக்கும் அங்கதான் வேலைக்குப் போகோணும். இரு, பஸ் வருதா எண்டு பாத்திட்டு வாறன்."

சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டான்.

நிக்கொலஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

மர்ளியா அடியில் என்னவோ எழுதி, கையெழுத்தும் வைத்து, கடதாசியை மடித்து அவரிடம் நீட்டினாள்.

"கெதியாப் போங்க அண்ணன், கந்தோர் பூட்டிருவாங்க."

"சாட்சி இல்லாம என்ன பிரயோசனம் தங்கச்சி?"

"சாட்சிக்கு என்ட பேரைப் போட்டிருக்கிறன். உங்கட மச்சான் சொன்னது சரிதான், நான் அவர்ட மகள்தான். அதனாலதான் எல்லாத்தையும் கண்ணால கண்டிருக்கிறன்."